குப்பையில்லாத லயம்

மலாயாவில் ரெங்கத்துக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் பேச்சியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் வெள்ளைக்காரத் துரை. அவருக்குத் தமிழ் அரைகுறை. இன்னொருவர் கங்காணி சபாபதி. அவருக்குக் காது இருந்தும் பயனில்லை.

பதினைந்து வயதில் கப்பலேறி வந்தவள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். கண் மங்கிப் பாலெடுக்க மரம் வெட்ட முடியாமல் போனதும், கூலிக்குடும்பங்கள் இருந்த வரிசை வீடான லயத்தைக் கூட்டும் வேலையில் அவளைப் போட்டார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரப்பர் விலை படுத்துவிட்டது. மாதாமாதம் விடியற்காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். பெயர் வந்தவர் மூட்டை கட்டி ஊர் திரும்ப வேண்டியதுதான். ஊரில் பேச்சியம்மாளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆத்தாள் செத்த சேதியே இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. லயத்துக் கோடி அறையை விட்டால் அவளுக்கு நிற்க நிழலில்லை. அந்தப் பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் துரை லயத்துப் பின்பக்கக் குப்பைமேட்டைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அன்றே பேச்சியம்மாள் தீர்மானித்தாள். வேலையில் ஒரு சொட்டுக் குறை சொல்லவிடக் கூடாது. அப்புறம் எவன் தன் பெயரை வாசிப்பான்?

வாசலுக்கு மூன்று மண்ணெண்ணெய்த் தகரம் வைத்தாள். தோலும் தழையும் மீன்முள்ளும் ஒன்றில், அது லயத்துக்குப் பின்னால் அவள் வெட்டிய உரக்குழிக்கு. அடுப்புச் சாம்பல் ஒன்றில். பாத்திரம் விளக்க எடுத்தது போக மிச்சத்தைக் குழிக்குமேல் தூவினால் நாற்றம் எழாது. டப்பாவும் போத்தலும் ஒன்றில். அது பழைய சாமான் வாங்க மாதமொருமுறை சைக்கிளில் வரும் சீனனுக்கு.

"குப்பைக்கும் சாதி பிரிக்கிறியாக்கா?" என்று அடுத்த அறை ராசம்மா சிரித்தாள்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. கலந்து போட்டவள் வாசலிலேயே அதைத் திருப்பிக் கொட்டினாள். ராசம்மா வாசலில் மட்டும் நாலுமுறை கொட்டினாள். ஏச்சும் பேச்சும் தாங்காமல் லயமே வழிக்கு வந்தது. எட்டு மாதத்தில் குப்பைமேடு மறைந்தது. குழியிலிருந்து அள்ளிய உரம் கறுப்பாக, உதிரி உதிரியாக, மழைமண் வாசத்தோடு இருந்தது. பிள்ளைகள்கூடச் சோளச்சக்கையைச் சரியான தகரத்தில் போட்டன.

துரை வந்தார். சுற்றிப் பார்த்தார். "பகுஸ்," என்று மலாயில் மெச்சிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் சோற்றை ருசித்துச் சாப்பிட்டாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த பெரட்டில் முதல் பெயரே அவளுடையது.

"என் வேலையில என்னங்க குத்தம்?" என்று ஓடிப்போய்க் கேட்டாள்.

"குத்தமா? ஒண்ணுமில்ல. லயம் கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார் சபாபதி. "கூட்டறதுக்குக் குப்பை எங்க இருக்கு, பேச்சி? அவங்கவங்களே பிரிச்சுப் போட்டுக்கிறாங்க. துரையே கேக்குறாரு, அப்புறம் கூட்டறவ எதுக்குன்னு."

"அதைக் கத்துக் குடுத்தது நான்தானுங்களே!"

"அதான். எல்லாரும் நல்லா கத்துக்கிட்டாங்க." அவர் அடுத்த பெயரை வாசித்தார். குழியிலிருந்த உரத்தை அன்று மதியமே கங்காணி வீட்டுப் பூசணிக்கு அள்ளிப் போனார்கள். இவர்களெல்லாம் மனிதர்கள்தானா?

மறுநாள் லோரியில் ஒரு மூட்டைக்குமேல் ஏற்றக் கூடாதென்றார்கள். கிழிந்த பாய், விளிம்பு மூளியான மங்குக் கிண்ணம், ஈர்க்குமாறு எல்லாம் கோடி அறை வாசலிலேயே கிடந்தன. வண்டி கிளம்பவில்லை. அதற்குள் லயத்துப் பெண்கள் வாசலைச் சுத்தம் செய்ய வந்துவிட்டார்கள். எவளும் அழவில்லை. ராசம்மா பாயையும் மங்குக் கிண்ணத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு குழிப்பக்கம் நடந்தாள்.

லோரியின் மேலிருந்து பேச்சியம்மாள் தன்னையறியாமல் கத்தினாள். "அடியே, மங்கு குழிக்கு ஆகாதுடி! சீனன் தகரத்துல போடு!"

ராசம்மா நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்து கிண்ணத்தைப் பிரித்துப் போட்டாள். பிறகு ஈர்க்குமாற்றைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, இது எதுல?"

பேச்சியம்மாள் அதைப் பார்த்தாள். எட்டு மாதத் தேய்மானம் அதில் இருந்தது.

"குழியில," என்றாள். "கட்டை அவுத்துப் போடு. அப்பதான் மக்கும்."