மூன்று கை கடல் தண்ணீர்

வெண்ணந்தூர் நெசவாளர் தெருவில் போய்ச் சென்னம்மாள் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அர்த்தநாரி வீட்டு மலடி என்றால் தெருவில் விளையாடும் பொடிசுகூடக் கை நீட்டிக் காட்டும். நொண்டியை முகத்துக்கு நேரே நொண்டி என்று கூப்பிடக் கொஞ்சம் யோசிக்கிற ஊர்தான் அது. இவளைக் கூப்பிட மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்தச் சொல்லை முதலில் சொன்னது ஊர் அல்ல, கட்டின புருஷன். கல்யாணமாகிச் சில வருஷம் பொறுத்துப் பார்த்தான் அர்த்தநாரி. பிறகு ஒருநாள் நெடுக்கு நூலைப் புதுப்பாவாகத் தறியில் ஏற்றும்போது, நூலைப் பிடிக்க வந்தவளை எல்லார் முன்னாலும் தடுத்தான்.

"மலடி கை பட்டா நூலு அந்து போவும். தள்ளி நில்லு."

அன்றோடு சென்னம்மாள் தறியை விட்டாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூலை ராட்டினத்தில் சுற்றிக் கொடுப்பதற்கு இருட்டு மூலையில் ஒரு பலகை போட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து சுற்றினாள். சுற்றச் சுற்ற ஆத்திரமும் சேர்ந்தே சுற்றியது.

அடுத்த தையில் அவன் ராமாத்தாளைக் கட்டினான். மூத்தவள் தன் கையால் தாலித்தட்டை எடுத்துக் கொடுத்தால்தான் இரண்டாம் கல்யாணத்தைச் சபை ஒப்பும் என்பது அவர்கள் வழக்கம். எடுத்துக் கொடுத்தாள், வேறு என்ன செய்வாள்? கொடுத்த கையை அன்று பொழுதுசாயும்வரை சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அவள் வயிறு எரிந்தது உண்மை. ராமாத்தாள் நன்றாக இருக்கக் கூடாது என்று அவள் வேண்டாத சாமி இல்லை.

ராமாத்தாளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. வருஷங்கள் போயின. அர்த்தநாரி ராசிபுரத்து ஜோசியரிடம் ஓடினான். அவர் சோழியை உருட்டிவிட்டு, "மூத்தவ வயித்தெரிச்சல் நெருப்பா நிக்குது" என்றார். அதற்குப் பரிகாரமும் சொன்னார். தை அமாவாசையன்று தனுஷ்கோடியில், இரண்டு கடலும் கூடுகிற இடத்தில், ஊர்ப் பெரியவர்கள் பார்க்க, மூத்தவள் மூன்று கை கடல் தண்ணீரை இளையவள் தலையில் ஊற்ற வேண்டும். ஊற்றி, 'என் வயிறு குளிர்ந்தது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முகம் கோணாமல் செய்ய வேண்டும். உள்ளே புகைந்துகொண்டு ஊற்றினால் பலிக்காது.

அன்று மாலை அர்த்தநாரி ராட்டினத்துக்கு எதிரே வந்து குந்தினான்.

"சென்னம்மா, ராமேசுவரம் போய்ட்டு வரலாமா?" என்றான்.

அவன் வாயில் தன் பெயரைக் கேட்டு அவளுக்கு உடம்பு கூசியது. விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மனசுக்குள் குதித்தாள். கடல்வரைக்கும் கூட்டிப் போகட்டும். ஊரே பார்த்திருக்க, கையை மடக்கிக்கொண்டு, ஊற்ற மாட்டேன் என்று நிற்பேன். இதுதான் அவள் போட்ட திட்டம்.

"போலாமுங்க" என்றாள், முகம் கோணாமல்.

அமாவாசைக்குத் தறி ஓடாது. தை அமாவாசைக்கு முன்னும் பின்னும் சில நாள் சேர்த்து நிறுத்திவிட்டுப் பாதித் தெரு கிளம்பியது. சாட்சிக்காகப் பெரியதனக்காரர் அருணகிரியையும் அவர் சம்சாரம் பெரியநாயகியையும் அர்த்தநாரி வருந்தி அழைத்திருந்தான். அந்தச் சமூகத்தில் அவர் தாம்பூலம் எடுக்காமல் ஒரு கல்யாணமும் நடக்காது. சேலத்தில் ரயிலேறி, ஈரோட்டிலும் திருச்சியிலும் மாறி, பாம்பன் பாலத்துக்கு வந்தபோது வண்டியில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ராமா ராமா என்றார்கள். சென்னம்மாள் மட்டும் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே கடல் ஓடுவதை அவள் வேறெப்போது பார்ப்பது?

அமாவாசைக்கு நாள் இருந்தது. சத்திரத்தில் மூட்டையை இறக்கியதும் அர்த்தநாரி எல்லாரையும் படுக்கச் சொன்னான். சென்னம்மாள் எழுந்து நின்றாள்.

"சும்மா குந்திக்கிட்டு என்னங்க பண்றது? தீவைச் சுத்திப் பாக்கோணும்."

"நாம கோயிலுக்கு வந்திருக்கோமா, வேடிக்கை பாக்க வந்திருக்கோமா?" என்று பல்லைக் கடித்தான்.

"எனக்கென்னங்க, இங்கயே இருக்கறேன். வயிறு குளிரலைன்னா அப்பறம் என்னையச் சொல்லப்படாது."

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். அர்த்தநாரி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான்.

முதலில் கெந்தமாதன பர்வதம். பேர்தான் பர்வதம், ஏறினால் மணல்மேடு. உச்சி வெயிலில்தான் ஏற வேண்டும் என்றாள். குடிதண்ணீர்க் குடத்தை அர்த்தநாரியின் தோளில் ஏற்றினாள். மணலில் ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது. அவன் மூச்சு வாங்கியதைக் கேட்டுக்கொண்டே, முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். மேலே ராமர் பாதத்தைக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். தென்னையும் பனையும் கோயில் கோபுரமும் கீழே கிடந்தன. வெண்ணந்தூர் ஏரி நிரம்பினாலே கெடா வெட்டுகிற ஊர்க்காரி அவள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. மறுநிமிஷமே கோபம் வந்தது. இத்தனை பெரிய உலகம் வெளியே கிடக்க, ஒரு மூலையில் பலகை போட்டு உட்கார வைத்தானே பாவி என்று நெஞ்சு கொதித்தது.

மறுநாள் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் இரு பக்கமும் கயிற்றைப் பிடித்து, பாட்டுப் பாடிக்கொண்டே பின்வாங்கினார்கள். சென்னம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்துவிட்டாள். அருணகிரி பதறிப்போனார்.

"என்ன அம்மிணி இது! விரத நாளும் அதுவுமா மீன் வலையத் தொடறியே!"

"இழுக்கறேனுங்கண்ணா, திங்கலையே."

"அது மனசுப்படி உடுங்க சாமி" என்று அர்த்தநாரி கெஞ்சினான். வலை கரை ஏறியது. மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியதைப் பார்த்து அவள் கை தட்டிச் சிரித்தாள். உள்ளங்கை தோலுரிந்திருந்தது, அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் தோணியில் போக வேண்டும் என்றாள். அர்த்தநாரிக்குத் தண்ணீரென்றால் பயம், கரையிலேயே நின்றுகொண்டான். ராமாத்தாளைத் துணைக்கு அனுப்பினான். தோணி இரண்டு அலை தாண்டுவதற்குள் அவள் வாந்தி எடுத்தாள். துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு ஊத்திருவீங்கல்ல?"

"ஊத்தலைன்னா?"

"அயோத்தியாப்பட்டணத்துல பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க அக்கா. இதுவும் பலிக்கலைன்னா மூணாவது கட்டறதுன்னு பேச்சு. போன பாவு ஏத்தறப்போ என்னையும் தள்ளி நில்லுன்னுட்டாரு."

சென்னம்மாளுக்கு ராமாத்தாள்மேல் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. அழட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தன் திட்டத்தில் இருந்த ஓட்டை இப்போது தெரிந்தது. நாளைக்குக் கையை மடக்கிக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? இந்த வயிற்றெரிச்சல்காரியால்தான் குடி கெட்டது என்று ஊர் சொல்லும். ராமாத்தாள் தன்னோடு மூலைக்கு வருவாள். அவனோ மூன்றாவது மாலையைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்காருவான். இரண்டு பெண்களுக்கு மலடிப் பட்டம், அவனுக்கு மூன்று முறை மாப்பிள்ளைப் பட்டம். என்ன நியாயம் இது? இத்தனை வருஷமும் எரிந்த எரிச்சலை வீடு மாறி மொய் எழுதியது போல இந்தப் பெண்மேல் கொட்டிவிட்டேனே என்று தன்மேலேயே ஆத்திரப்பட்டாள்.

"தண்ணி ஊத்தறேன், பயப்படாத" என்றாள்.

அமாவாசையன்று தனுஷ்கோடியில் ஈ விழ இடமில்லாத கூட்டம். தூரத்தில் இலங்கைக்குப் போகிற கப்பல் புகைந்துகொண்டு நின்றது. ஒரு பக்கம் கடல் ஏரி போல அடங்கிக் கிடந்தது. இன்னொரு பக்கம் இரைந்துகொண்டு எழுந்தது. புரோகிதர் சங்கல்பம் சொல்லி முடித்தார். இடுப்பளவுத் தண்ணீரில் ராமாத்தாள் தலையைக் குனிந்து நின்றாள். அவள் பக்கத்தில் அர்த்தநாரி கையைக் கூப்பி, கண்ணை மூடி நின்றான். பெரியதனக்காரரும் சம்சாரமும் தெருக்காரர்களும் சுற்றி நின்றார்கள்.

சென்னம்மாள் இரண்டு கையையும் சேர்த்துத் தண்ணீரை அள்ளினாள். அள்ளியதை அர்த்தநாரியின் தலையில் ஊற்றினாள்.

கை தவறிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் மறுபடியும் அள்ளி, மறுபடியும் அவன் தலையிலேயே ஊற்றினாள்.

"அம்மா, இளையவள் தலையில்!" என்று புரோகிதர் கத்தினார்.

"இவ தலையில குத்தமில்லீங்க சாமி." மூன்றாவது கையையும் அவன் உச்சியிலேயே கவிழ்த்துவிட்டு, சென்னம்மாள் அருணகிரி பக்கம் திரும்பினாள். "பெரியதனக்கார அண்ணந்தான் நாயம் சொல்லோணும். ஒரு ஆளு ஒரு காட்டுல வெதச்சான், மொளைக்கலை. காட்டை மாத்தி வெதச்சான், அங்கயும் மொளைக்கலை. ரெண்டு காடும் மலடுங்களா, இல்லை வெத சொத்தைங்களா?"

அர்த்தநாரிக்குக் கண்ணில் உப்புத் தண்ணீர் இறங்கித் திறக்க முடியவில்லை, மீசையிலிருந்து சொட்டியது. வாயைத் திறந்தான். உப்பு உள்ளே போனதுதான் மிச்சம். பெரியநாயகி முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருக்காரர்கள் எல்லாரையும் தொற்றியது. அருணகிரி சாட்சிக்கு வந்தவர், சிரிக்கவும் முடியாது. தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கறதுல நாயம் இருக்குது" என்றார்.

"என் வயிறு குளிர்ந்தது" என்றாள் சென்னம்மாள். ஜோசியர் சொன்னபடியே, முகம் கோணாமல் சொன்னாள். பொய்யும் சொல்லவில்லை.

அவர்கள் ஊர் திரும்புவதற்குள் கதை அயோத்தியாப்பட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அர்த்தநாரி வேறு இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தான். நிச்சயத்துக்குத் தாம்பூலம் எடுக்க மாட்டேன் என்று அருணகிரி சொல்லிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தை மாற்றி மாற்றிக் குறை சொன்னவனுக்கு அதன் பிறகு வேறு கூடம் கிடைக்கவில்லை. தறிப்பலகையில் குனிந்த தலையோடு உட்கார்ந்து, செத்துப்போகும்வரை நெய்தான். புதுப்பாவு ஏற்றும்போது சென்னம்மாள் வந்து நூலைப் பிடித்தாள். ராமாத்தாளும் பிடித்தாள். தள்ளி நில் என்று அவன் சொல்லவில்லை.

அவனைப் பாவம் என்று சொன்னவர்கள் தெருவில் உண்டு. சென்னம்மாளுக்கு ஒருநாளும் அப்படித் தோன்றவில்லை. மன்னித்துவிடு என்று யாராவது பெரியமனுஷத்தனமாகப் புத்தி சொன்னால், வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விடுவாள். உலகச் சண்டை முடிந்து, தெருவிலிருந்து அடுத்த கூட்டம் ராமேசுவரம் கிளம்பியபோது, அந்தத் தீவில் அவசியம் பார்க்க வேண்டியது எது என்று பெண்கள் அவளிடம்தான் வந்து கேட்டார்கள்.

"மணல்மேடு இருக்குது, கப்பல் இருக்குது, வலை இழுப்பாங்க, போய்ப் பாருங்க" என்றாள். "ஆனா நான் பாத்தது உங்களுக்குக் கெடைக்காது. தலை நிமுந்தே நடந்த ஆம்பளை ஒருத்தன், ஊரே சிரிக்க, கடல்ல கண்ணத் தொறக்க முடியாம நின்னான். நான் ஆசை தீரப் பாத்துட்டேன்."