முடியாத அப்டேட்டும் பசித்த கோழிகளும்

நாமக்கல்லில் கணினி பழுதுபார்க்கும் எங்களுக்கு இடி, மின்னல், எலி மூன்றும் சேர்ந்து கொடுக்கும் வேலையைவிட அப்டேட் ஒன்று கொடுக்கும் வேலை அதிகம். ‘சற்றே பொறுங்கள்’ என்ற திரையைப் பார்த்தபடி ஆறிப்போன டீயைக் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுற்றும் வட்டம்

கடை திறந்ததுமே போன். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் பெரியசாமி. அவருடைய தீவன அரவை அறையில், மக்காச்சோளம், சோயா, சுண்ணாம்புக் கல் எல்லாவற்றையும் எடை பார்த்துக் கலப்பது ஒரு கணினி. அப்டேட்டுக்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. கையிருப்புத் தீவனம் காலை வேளைக்கே சரியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அரைக்காவிட்டால் கோழிகள் பட்டினி, முட்டை சரிந்துவிடும்.

“திரையில என்ன தெரியுதுங்க?” என்றேன்.

“வட்டம் சுத்துதுங்க. அரவை மெஷின் சுத்த மாட்டீங்குது. மாத்திச் சுத்த வெக்க முடியுமுங்களா?”

மறுபடியும் அதே பண்ணை

போன அப்டேட்டிலும் இதே கதைதான். ஹார்ட் டிஸ்க்கை மாற்றினேன். அதற்கு முந்தையதில் ராம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடும். அடுத்த அப்டேட் வந்ததும் படுத்துக்கொள்ளும். காரணம் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் பையை எடுப்பதைப் பார்த்து, கடையில் என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா நிமிர்ந்தாள். சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். வாய் மட்டும் களைப்பதே இல்லை.

“நீங்க போற போக்கப் பாத்தா, அந்தப் பண்ணைக் கோழியெல்லாம் உங்க வண்டிச் சத்தம் கேட்டாலே எந்திரிச்சு நிக்கும்ண்ணா.”

கதவோரத்து சுவிட்ச்

அரவை அறையில் பெரியசாமியின் மனைவி கோமதி மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார். ஒருமுறை ஆட்களை விட்டுக் கைக்கணக்கில் கலந்ததில் முட்டை ஓடு மெலிந்து, லாரியிலேயே பாதி உடைந்து போனதாம். அந்த வெசனம் அவர் முகத்தில் இருந்தது.

பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்வாங்க வைத்து, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். திரை கறுத்தது. அது வழக்கம்தான், உள்ளே வேலை நடக்கும். “அது ஆகறப்ப ஆகட்டும், வாங்க, ஊட்டுல ஒரு வாய் சாப்பிடலாம்” என்று பெரியசாமி அழைத்தார். நாங்கள் முன்னால் நடக்க, அவர் கடைசியாக வெளியே வந்தார். பின்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். திரும்பினேன். கதவோரத்து மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். யுபிஎஸ் பேட்டரி செத்து வெகுநாளாகிறது, கணினியும் கூடவே அணைந்துபோனது.

“ஏனுங்க அணைச்சீங்க?”

போர்வெல் மோட்டாரை வேலை முடிந்ததும் அணைத்தே பழகியவர், என்னை விநோதமாகப் பார்த்தார்.

“ஆளில்லாத ரூமுல கரண்ட ஓட உட்டுட்டு வருவாங்களா சாமி?”

கோமதியின் காவல்

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை சாப்பாடு அரவை அறைக்கே வந்தது. கோமதி சுவிட்சுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சதவீதம் ஏறியது, நின்றது, யோசித்தது, ஏறியது. கொட்டகைப் பக்கம் கோழிகளின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. வாசலில் நிழலாடியது, பெரியசாமி.

“நான் உள்ள வரலாமா?”

“கையப் பின்னால கட்டிக்கிட்டு வாங்க.”

மக்காச்சோளம் விழுந்தது

வெயில் சாயும் நேரத்தில் திரை வெளிச்சமானது. எடை எண்கள் ஓடத் தொடங்கின. மக்காச்சோளம் சடசடவென்று விழுந்த சத்தத்தில் கோமதி முதல் முறையாகச் சிரித்தார். தீவன வண்டி கொட்டகைக்குள் போன பிறகு, இரைச்சல் வரிசை வரிசையாக அடங்கி, கொத்தும் சத்தம் மட்டும் கேட்டது. பெரியசாமி என்னை வண்டிவரை வந்து வழியனுப்பினார்.

“கோழி பசிச்சாக் கத்துதுங்க. இது கருப்பாக் கம்முனு கெடந்துச்சு. வேல செய்யுதுன்னு எனக்கெப்படிங்க தெரியும்?”

அப்டேட் கம்பி வழியாகத் தானே வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்கு வேண்டிய பொறுமையை மட்டும் டூவீலரில் ஆள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருப்பதால் என் பிழைப்பு குறையில்லாமல் ஓடுகிறது.