தாலியில் ஏறிய பாதரசம்

குன்னூரில் ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ராஜகுமாரி உதவியாளர். அதற்கு முன் பதினாறு வருடம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். அந்தப் புதன்கிழமை அலமாரியைத் துடைக்கும்போது, இருமல் மருந்துக் குப்பி அளவே இருந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றை இரண்டு விரலால் தூக்கினாள். அவ்வளவு சிறிய பாட்டில் அப்படிக் கனக்கும் என்று கை எதிர்பார்க்கவில்லை. நழுவி விழுந்து உடைந்தது.

பாதரசம் மணிமணியாகத் தரையில் ஓடியது. தரை நனையவில்லை. துடைப்பம் பட்டதும் ஒரு மணி பத்தாகச் சிதறியது. கொழுந்து கிள்ளிய விரல்தானே என்று கிள்ளி எடுக்கப் பார்த்தாள்; அகப்படவில்லை. பிறகு காகிதத்தால் தட்டில் தள்ளி, குனிந்து குனிந்து சேர்த்தாள். தாலி ரவிக்கைக்கு வெளியே சரிந்து தட்டுக்குள் கிடந்ததை அவள் கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது தாலி வெளுத்திருந்தது.

முந்தானையால் தேய்த்தாள். வெண்மை இன்னும் பரவியது. கணவன் வீரையா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் காலை இருதய ஆபரேஷன். மகன் விமல் துணைக்கு இருந்தான். மாலை பஸ்ஸில் இவள் போவதாக ஏற்பாடு. இன்றைக்குப் பார்த்தா இப்படி ஆக வேண்டும்?

வராந்தாவில் வந்த இயற்பியல் ஆசிரியை இந்துமதி இதைப் பார்த்ததும் ஓடி வந்து ஜன்னல்களைத் திறந்தாள்.

"அக்கா, மொதல்ல வெளிய வாங்க. சேலைய மாத்துங்க. தாலியையும் கழட்டிடுங்க."

"என்ன பேச்சு டீச்சர் பேசுறீங்க? அந்த மனுசன் ஆபரேசனுக்குப் படுத்திருக்காரு."

"அது தங்கத்துல ஊறிடுச்சுங்க அக்கா. ஒடம்புச் சூட்டுக்கு ஆவியா வந்துட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாசமும் இருக்காது. நீங்க மூச்சுல இழுத்துக்குவீங்க."

"ஆசாரிகிட்டக் குடுத்து நெருப்புல காட்டினா போயிராது?"

"ஐயோ, அப்ப மொத்தமும் புகையா ஏறும். உங்களோட சேர்ந்து ஆசாரியும் படுத்துக்குவாரு."

ராஜகுமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. தாலியைப் பொத்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். இந்துமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தன் குடும்பத்தில் முதலில் காலேஜுக்குப் போனவள் இந்துமதிதான்.

"தண்ணியவிடப் பதிமூணரை மடங்குக்கு மேல கனம்னு மூணு வருசமாப் போர்டுல எழுதிப் போட்டேன். அலமாரி தொடைக்கிற உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. படிச்சு என்ன பிரயோசனம்ங்க அக்கா?"

ராஜகுமாரி வீரையாவுக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"அட கூறுகெட்டவளே," என்றார் அவர். "இங்க நர்ஸம்மா மோதிரத்தையும் அரணாக்கயித்தையும் கழட்டி வாங்கிருச்சு. நான் செத்தா போனேன்? ஒனக்கு ஏதாச்சும் ஆனா எனக்குக் கஞ்சி ஊத்துறது யாரு? கழட்டு. மஞ்சக்கயிறு வாங்கிட்டு வந்து சேரு."

அவளே கழற்றினாள். இந்துமதி அதை வாய் இறுகிய கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடினாள்.

மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை ராஜகுமாரி வெறும் கழுத்தை முந்தானையால் மூடியே இருந்தாள். வீரையாவின் வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். அவள் வாங்கி வந்த மஞ்சள் கயிற்றை அவர் இடது கையில் வாங்க, விமல் உதவிக்குக் கை நீட்டினான்.

"நீ தள்ளிப் போடா. இது எங்க வேலை."

வீரையா மஞ்சள் கோத்த கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறு நுனியை இடது கையால் சுற்றி இழுத்தார். முதல் முடிச்சு அவிழ்ந்துபோனது. மறுபடி கடித்தார். மூன்றாவது முடிச்சு விழும்வரை ராஜகுமாரி கட்டில் ஓரத்தில் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.