பட்டாளம் போட்ட பாட்டில் தடை

அந்தத் தையல் கம்பெனியின் கீழ்த்தளத்தில் ஒரு நீள அறை உண்டு. மேலே மிஷினில் உட்காரும் பெண்களின் பிள்ளைகள் பகல் முழுக்க அங்கேதான் தவழும், உருளும், தூங்கும். அந்த அறைக்கு ராணி, மந்திரி, காவல்காரி எல்லாம் ஒரே ஆள். பட்டாளம் என்றால்தான் அவளை எல்லாருக்கும் தெரியும்.

முன்பு அவளும் மேலே காலர் தைத்தவள். ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியதில் ஒரு விரல் மடங்காமல் போயிற்று. நஷ்டஈடு பற்றி வாயைத் திறக்காமல் இருந்தால் கீழே வேலை தருகிறோம் என்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். நஷ்டஈட்டையும் வாங்கினாள், வேலையையும் வாங்கினாள்.

சர்க்கரைக்கு அவள் ஜென்ம விரோதி. காலையில் வாசலிலேயே தாய்மார்களின் பைகளைத் துழாவி, மிட்டாய், பிஸ்கட், இனிப்புப் போட்ட பால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"அக்கா, கம்பெனி கேட்ல கூட இவ்ளோ சோதனை இல்லை."

"அங்க துணி போகக் கூடாது. இங்க பல்லு போகக் கூடாது. நகரு."

மதியம் தூக்க நேரம் வந்தால் வரிசையாகப் பாய் விரிப்பாள். ஆளுக்கொரு பால் பாட்டில். பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குத் துணியைச் சுருட்டிப் பாட்டிலுக்கு முட்டுக்கொடுப்பாள். கொஞ்ச நேரத்தில் அறை அடங்கிவிடும். அத்தனை பிள்ளைக்கும் ஒற்றை ஆள், வேறென்ன செய்வது? அந்த அமைதியில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு நாள் காலர் தைக்கிற பெண் தன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு புயல் மாதிரி வந்தாள். ஒன்றரை வயதுப் பயல், பெயர் வாண்டு. அவன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு. இரண்டு பல்லில் பழுப்பு.

"உண்மையைச் சொல்லுங்க அக்கா. அழுதா சர்க்கரை ஏதாவது வாயில வெச்சீங்களா?"

"யாரைப் பார்த்து என்னடி கேக்கறே?"

"பல்லு போச்சுன்னா வேலையை விட்டுட்டு வீட்ல கிடன்னு அவர் சொல்லிட்டாரு. நான் யாரைத்தான் கேக்கறது?"

பிள்ளையின் பல்லுக்கு அம்மா வேலையை விட வேண்டுமாம். அப்பா வண்டி ஓட்டுவதை விட வேண்டும் என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை. பட்டாளத்துக்கு ரத்தம் கொதித்தது. செருப்பை மாட்டினாள். "வா, டாக்டரையே கேட்போம். என் மேல தப்புன்னா அங்கேயே ஒத்துக்கறேன்."

பல் டாக்டர் வாண்டுவின் வாயை விளக்கடியில் பார்த்துவிட்டுக் கேட்டாள். "எப்படித் தூங்க வைக்கறீங்க?"

"பாட்டிலோட. ஆனா அதுல ஒரு துளி சர்க்கரை கிடையாது!" என்றாள் பட்டாளம்.

"பால்லயே சர்க்கரை இருக்கும்மா. நம்ம நாக்குக்கு அவ்வளவா தெரியாது, கிருமிக்கு நல்லாத் தெரியும். முழிச்சிருக்கும்போது குடிச்சா எச்சில் கழுவிடும். தூக்கத்துல எச்சில் குறைஞ்சிடும். பால் மேல்பல்லைச் சுத்தித் தேங்கி நிக்கும். கிருமி அதைத் தின்னுட்டு அமிலமா விடும். பல்லு கரையும்."

"அப்போ பால் கெடுதலா?"

"பால் நல்லதுதான். பாட்டிலோட தூங்கறதுதான் கெடுதல்."

"எப்படியும் விழப்போற பல்லுதானேன்னு வீட்ல சொல்றாங்களே?" என்று இழுத்தாள் அம்மாக்காரி.

"விழறதுக்கு இன்னும் வருஷக்கணக்கு இருக்கு. அதுவரை எதை வெச்சுக் கடிப்பான்? சீழ் பிடிச்சா உள்ளே வளர்ற பல்லும் கெடும்." பழுப்புப் பல் இரண்டையும் அடைத்து, வெள்ளைக் கோட்டின் மேல் மருந்து தடவினாள் டாக்டர். "இந்த வெள்ளைக் கோடுதான் சொத்தையோட ஆரம்பம். அது கெட்டிப்பட்டா பல்லு பிழைச்சுது. பாட்டில் தொடர்ந்தா பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்."

திரும்பும் வழியில் பட்டாளம், "தப்பு என்னுதுதான். நாளையிலேர்ந்து பாரு" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்து அழ அவளுக்கு நேரமில்லை.

மறுநாள் டார்ச் அடித்து எல்லா உதட்டையும் தூக்கிப் பார்த்தாள். இன்னும் சில வாய்களில் அதே கோடு. அந்தத் தாய்மார்களையும் டாக்டரிடம் விரட்டினாள். அன்றிலிருந்து பாலெல்லாம் உட்கார வைத்து, முடிந்தவரை கப்பில். சின்னஞ்சிறுசுகளுக்கு மடியில் பாட்டில். குடித்ததும் ஈரத்துணியால் வாயைத் துடைப்பது. பாயில் எதுவும் கிடையாது. ரொம்ப அடம் பிடித்தால் வெறும் தண்ணீர்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? கூரை பிய்ந்துவிடும்போல அழுகை. மேலே மிஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. சூப்பர்வைசர் படியிறங்கி ஓடி வந்தான்.

"என்னம்மா இது? ஒருத்தியும் தைக்க மாட்டேங்கறா! பாட்டிலைக் குடுத்து அடக்குங்க!"

"முடியாது தம்பி."

"அழறதை நிறுத்தலைன்னா வேற ஆளைப் போடுவேன்."

"போடு. அவளுக்கும் ரெண்டு கைதான் இருக்கும்." பட்டாளம் ஒரு குழந்தையைத் தூக்கி அவன் தோளில் சாய்த்தாள். "இது உன் சட்டையை நனைக்கட்டும், கேளு. தூங்கற நேரத்துல மடி வேணும். உன் சாப்பாட்டு மணி அதுக்கு அரை மணி கழிச்சுத்தான் அடிக்குது. அதை முன்னாடி அடி. அம்மாக்காரிங்க வந்து தூங்க வெச்சுட்டுப் போவாங்க. உனக்குச் செலவு ஒண்ணுமில்லை."

"அவங்க சாப்பிட வேண்டாமா?"

"வேணும்தான். அதனால இடைவேளையைக் கொஞ்சம் நீட்டு. நிமிஷத்துக்கு நிமிஷம் மிஷின் நிக்கறதைவிட உனக்கு அது லாபம். கணக்கு போட்டுப் பாரு, நீதான் படிச்சவனாச்சே."

தோளில் ஈரம் பரவப் பரவ அவனுக்குக் கணக்கு புரிந்தது. அடுத்த நாள் மணி முன்னதாக அடித்தது. பெண்கள் கையில் டிபன் பாக்ஸ், மடியில் பிள்ளையோடு உட்கார்ந்தார்கள். வாரம் முடிவதற்குள் அழுகை முனகலாகி, முனகலும் அடங்கியது.

வீடுகளுக்கும் உத்தரவு போயிற்று. முளைத்த பல்லை நாளுக்கு இரண்டு தடவை, சின்ன பிரஷ்ஷில் அரிசியளவு பேஸ்ட் தடவி, பெரியவர்களே தேய்க்க வேண்டும். "ஏமாத்தலாம்னு பாக்காதீங்கடி, உதட்டைத் தூக்கினா தெரிஞ்சுடும்."

சில மாதம் கழித்து டாக்டர் வாண்டுவின் பல்லைத் தடவிப் பார்த்தாள். "கோடு கெட்டிப்பட்டிருக்கு. புதுசா எதுவும் இல்லை. பல்லு நிக்கும்." வாண்டு அதற்குச் சாட்சியாக அவள் விரலை நறுக்கென்று கடித்து வைத்தான்.

வெளியே வந்ததும் காலர்காரி புருஷனுக்குப் போன் போட்டாள்.

"பல்லு பிழைச்சுது. நான் இப்படியே கம்பெனிக்குப் போறேன். சாயங்காலம் நான் வர லேட்டாகும், நீங்களே வந்து அவனைத் தூக்கிட்டுப் போய்ப் பல்லு தேச்சு விட்டுடுங்க... என்னது, தெரியாதா? வண்டி ஓட்டக் கத்துக்கலையா?"

கூட வந்திருந்த பட்டாளம் அவள் கையிலிருந்து போனை வாங்கினாள். "தம்பி, நாளைக்கு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி பிரஷ்ஷோட கம்பெனிக்கு வா. நான் சொல்லித் தர்றேன்."