அரை இஞ்ச் மரை

போன வாரம் பெரம்பலூர் வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகியது. வந்த பிளம்பர் குழாயின் திருகு மரைமேல் வெள்ளை டேப்பைச் சுற்றிக்கொண்டே, “இன்னும் நாலு சுத்து வுட்டா கப்புனு புடிச்சிக்கும் சார்” என்றார். தண்ணீர்க் குழாய்க்கு அது சரிதான். ஆனாலும் நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். கூலி கொடுக்காமல் ஒளிகிறேன் என்று மனைவி நினைத்திருப்பாள். அந்தப் பெயர் எனக்கு ஏற்கெனவே உண்டு.

அந்த டேப்பை நான் முதலில் பார்த்தது அரியலூருக்கு வெளியே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில். நான் படித்தது தமிழ் இலக்கியம்; ஆகவே இரும்புச் சாமான்களுக்குக் காவலாக ஸ்டோர் கீப்பர் ஆக்கினார்கள். ஒரே மாதத்தில் சட்டை, சோறு, தலையணை எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் ஆயில் வாசனை ஏறிவிட்டது. இன்றைக்கும் மண் அள்ளும் வண்டி ஏதாவது கடந்து போனால், மதியச் சாப்பாடு வந்துவிட்டதென்று என் வயிறு நினைத்துக்கொள்கிறது.

அந்த வாசனையோடு சேர்ந்தே வருபவர் தங்கராசு அண்ணன். ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், தா.பழூர் பக்கம். பெற்றோர் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டில் முதலில் ஸ்பேனர் பிடித்தவர் இவர்தான். லெப்பைக்குடிக்காட்டு ஏஜென்ட் பாய் மூலம் சவுதியில் பைப் ஃபிட்டர் வேலை பேசியாகியிருந்தது. சென்னையில் ஒரு செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. இரண்டு கைகளையும் என் மேஜைமேல் விரித்து வைப்பார். “இதுதான் தம்பி விசா. அரபிக்காரன் மூஞ்சியவா பாக்கப் போறான்?”

ஒரு எக்ஸ்கவேட்டர் வலுவிழந்து கிடந்தது. குறை பம்பிலா, வால்விலா என்று தெரிய எண்ணெயின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அதற்கான பழைய கேஜ், கல் விழுந்து உடைந்ததால் புதிதாக ஒன்று வந்தது. இரண்டும் அரை இஞ்ச். ஆனால் மெஷினின் துளை பி.எஸ்.பி. மரை, நேராக இறங்கி, செம்பு வாஷர்மேல் உட்கார்ந்து அடைப்பது. புதிய கேஜின் கழுத்து என்.பி.டி.; கூம்பாகப் போய் மரையிலேயே இறுகுவது. கொடுமை என்னவென்றால், அரை இஞ்சில் இரண்டுக்கும் அங்குலத்துக்குப் பதினான்கு மரைதான். ஒன்றில் மற்றது ஏறும், இறுகுவது போலவும் இருக்கும். மரையின் சாய்வுதான் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும்.

“இது சேராது தம்பி. நடுவுல அடாப்டர் வேணும், திருச்சிக்குச் சொல்லுங்க” என்றார் தங்கராசு அண்ணன். சொன்னேன்.

ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. “அது வர்ற வரைக்கும் மெஷினு தூங்குமாடா? டேப்ப சுத்தி முறுக்கு. சவுதி போற மூஞ்சிய பாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; ஃபோர்மேனின் ஜோக்குக்குச் சிரிப்பது ஸ்டோர் கீப்பரின் வேலையில் சேர்த்தி. அண்ணன் முகம் இறுகியது. டேப்பைச் சுற்றினார், முறுக்கினார். மெஷினைக் கிளப்பி லோடு ஏற்றியதும் கேஜின் கழுத்துக்குப் பின்னால் பனி போல ஏதோ பறந்தது.

கசிவை விரலால் தடவிக் கண்டுபிடிப்பது அந்த ஒர்க்‌ஷாப் வழக்கம். தள்ளி நின்று கண்ணால் தேடுகிறவனைப் புதுமாப்பிள்ளை என்று ஓட்டுவார்கள். அண்ணன் வலது கையை விட்டார். “ஸ்ஸ்” என்று உதறினார். ஆள்காட்டி விரலில் ஊசி முனையளவு ஒரு புள்ளி. ரத்தம்கூட இல்லை.

“கட்டெறும்பு கடிச்சாப்ல இருக்கு.”

“எறும்புக்கெல்லாம் லீவு கெடையாது” என்றார் ஃபோர்மேன்.

பக்கத்து டாக்டர் ஒரு டி.டி. ஊசி போட்டு பிளாஸ்திரி ஒட்டினார். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து, விரல் வழியே உள்ளங்கைக்குப் பாய்ந்துவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் காலை கை உப்பி, நீலம் பாரித்திருந்தது. திருச்சி ஆஸ்பத்திரியில் சர்ஜன், “நேத்தே ஏன்யா கொண்டாரல?” என்று கத்தினார். முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு மணிக்கட்டு வரை. வராந்தாவில் அவருடைய அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “சின்ன ஓட்டதானே சாமி? சின்ன ஓட்டதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

அடாப்டர் வந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது.

இப்போது அந்தச் சுரங்கம் இல்லை. பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. ஷெட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். மெஷினும் கேஜும் காயலான் கடைக்குப் போயின. ஃபோர்மேன் செத்துப்போனார். தங்கராசு அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் வண்டி ஸ்டாண்டில். இடது கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்து முடித்ததும், வெகுநாள் வைத்திருந்ததைப் போலக் கேட்டார்:

“அன்னிக்கு கேஜு முள்ளு எந்த நம்பர்ல தம்பி நின்னுச்சு?”

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேஜையே மாட்டினோம். இல்லாததையெல்லாம் கதையாக எழுதிப் பிழைக்கிற எனக்கு அன்றைக்கு ஒரு எண் வாயில் வரவில்லை.

“பாக்கலண்ணே.”

“யாருமேவா?” என்றார்.