செண்பகவல்லி வீட்டில் யாருக்கும் சீக்கில்லை

தாராவியில் செண்பகவல்லியின் இட்லியைக் குறை சொன்னவர் கிடையாது. அவள் வாயைக் குறை சொல்லாதவரும் கிடையாது. அப்படிப்பட்ட வாய்க்காரி ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள்.

முனிசிபாலிட்டியிலிருந்து உமைரா என்ற பெண் வீடு வீடாக வந்து, யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா என்று விசாரித்தாள். உள்ளே செண்பகவல்லியின் கணவர் பூலோகம், சர்க்கரையால் ஆறாத புண்ணோடு காலை நீட்டிப் படுத்திருந்தார். சைக்கிளில் இட்லி கொண்டு போய் விற்ற மனிதர், இப்போது சந்து முனை வரை நடப்பதே பெரும்பாடு.

“எங்க வீட்ல ஒரு சீக்கும் கெடயாது” என்று வாசலை அடைத்து நின்று சொன்னாள் செண்பகவல்லி.

காரணம், மகள் மாலதி. அடுத்த சந்து பிரேமலதாவின் மகன் மாரிசெல்வத்துக்கு அவளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சீக்குள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கல்யாண வயதில் பிள்ளை இருக்கிற வீடெல்லாம் இதே பதிலைத்தான் சொல்லியிருந்தது. அந்த வட்டாரத்தில் அப்படிப் பிள்ளை இல்லாத வீடு ஏது!

சந்து முனையில் முனிசிபாலிட்டியின் இலவச மருத்துவமனை இருந்தது. பூலோகம் அங்கேதான், இருட்டிய பிறகு போய், புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆனால் செண்பகவல்லி சொல்லிக் கொடுத்தபடி, ரயிலேறிப் போக வேண்டிய மான்குர்த் பக்கத்து விலாசத்தைக் கொடுத்துவிட்டு. கட்டு விட்டுப்போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தாள்.

தேர்தல் நெருங்கியது. அம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஓசி மருந்து கொடுத்தே கஜானா காலியாகிறது என்றார் ஒரு கட்சிக்காரர். அந்தப் பணத்தைப் பெண்கள் கணக்கில் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் கை தட்டினார்கள். நம் ஜனங்களுக்குக் கை தட்டக் காசா பணமா?

பிறகு முனிசிபாலிட்டி அதிகாரி கேஷவ் எழுந்தார். இந்தப் பகுதியில் சீக்காளிகளே இல்லை, வருகிறவர்கள் பெரும்பாலும் மான்குர்த்காரர்கள், ஆகவே மருத்துவமனையை அங்கேயே மாற்றப் பரிந்துரை செய்யப்போகிறேன் என்றார்.

அந்தக் காலை வைத்துக்கொண்டு பூலோகம் மான்குர்த்துக்கு லோக்கல் ரயிலில் ஏறுவதாவது! செண்பகவல்லிக்கு நாலு நாற்காலி தள்ளி பிரேமலதா உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் மகள் கல்யாணம், திறக்காவிட்டால் புருஷன் கால். செண்பகவல்லி இதுவரை இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே இல்லை.

“சாப், சப் ஜூட்! எல்லாம் பொய்!” என்று எழுந்துவிட்டாள். “மாலதி அப்பாவுக்கு சுகரு. கால்ல புண்ணு. மான்குர்த்துல எங்களுக்கு ஈ காக்கா கெடயாது. பொண்ணுக்கு வந்த சம்பந்தம் போயிருமேன்னு பொய் சொன்னேன். போனா போவுது. எனக்கு அந்த மனுசன் நடக்கணும்.”

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. பிரேமலதா பக்கம் திரும்பவே அவளுக்குத் தைரியமில்லை. பிரேமலதா மெல்ல எழுந்தாள்.

“ஏன் மதினி, நீங்களுமா மான்குர்த்து? எனக்கும் சுகரு, நானும் அந்த ஊரத்தான குடுத்தேன்!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் மைக்கே கீச்சிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாக எழுந்து தான் கொடுத்த பொய் விலாசத்தைச் சொன்னது: மான்குர்த், சீத்தா கேம்ப், ஒருத்தி முலுண்ட் வரை போயிருந்தாள். கேஷவ் தலையில் கை வைத்துக்கொண்டார். கணக்கெடுப்பை மறுபடி நடத்துகிறேன், அதுவரை மருத்துவமனை எங்கேயும் போகாது என்றார்.

மறுநாள் பட்டப்பகலில், மாரிசெல்வத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பூலோகம் கட்டுப் போடப் போனார். வரிசையில் முன்னால் நின்ற பிரேமலதா, “வாங்க அண்ணாச்சி” என்று இடம் விட்டாள். சீட்டு எழுதுகிற பெண் விலாசம் கேட்டாள்.

“நம்ம சந்துதாம்மா” என்றார் பூலோகம், தெருவுக்கே கேட்கும்படி.