ஈயக்குண்டு மேலே இருந்த வலை

எங்கள் மாமாவின் பாட்டுக்கு அட்டைப்படம் அமைந்த கதையை யாராவது ஆரம்பித்தால், அவர் இன்றைக்கும் எழுந்து செருப்பைத் தேடுவார். அதனாலேயே எங்கள் வீட்டில் அதை அடிக்கடி ஆரம்பிக்கிறோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் எங்கள் தீவில் அவருக்குப் பாட்டுக்காரர் என்றே பெயர். படகு தள்ளும்போது பாடுவார், வலை இழுக்கும்போது பாடுவார், மீன் படாத நாளில் இன்னும் சத்தமாகப் பாடுவார். ஏரியைப் பற்றி அவர் கட்டிய பாட்டுகளை சிடியாகப் போடுவதென்று முடிவாகிப் பதிவும் முடிந்துவிட்டது. ஆடி மாதம் அம்மன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரமே எங்கள் ஊருக்கு வரும். அன்றைக்கு விற்றால் உண்டு, இல்லையென்றால் மாமாவின் பாட்டு தீவைத் தாண்டாது. அட்டைப்படம் மட்டும்தான் பாக்கி.

அதில்தான் சிக்கல். ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு என் பாடு. யாரையும் விட்டுவிட முடியாது. சிடி அட்டைக்கும் அதே நியாயம்தான் என்று ஊர்ப் பெரியவர் சொல்லிவிட்டார்.

“பாட்டு உன்னுதுப்பா, யார் இல்லன்னா? ஏரி எல்லாருதுதானே? எல்லார் படகும் வரணும்.”

பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் அட்டைப்படம் செய்தார்கள். பள்ளி இல்லாத நாளாகப் பார்த்து மாமா என்னையும் அழைத்துப் போனார். கம்ப்யூட்டர் முன்னால் ஓர் அக்கா இருந்தாள். மாமா கொண்டுவந்த படகுப் படங்களையெல்லாம் பரப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“கடையில நூறு சிடி தொங்கும். எட்ட நின்னு பாக்கறவங்க கண்ணுல ஒண்ணு தெரியணும். எல்லாத்தையும் போட்டா ஒண்ணுமே தெரியாது.”

“அப்பால ஊருக்குள்ள என்னை வுட மாட்டாங்க மேடம்,” என்றார் மாமா.

கடைக்கு வந்த எல்லோரையும் அண்ணா, அண்ணா என்று கூப்பிட்ட அந்த அக்கா, மாமாவை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது படம் தயாராக இருந்தது. அதில் பாய் ஒரு பக்கம் புடைத்திருந்தது, கொடி எதிர்ப்பக்கம் பறந்தது. “காத்து ரெண்டு பக்கமா அடிக்குதுங்களே,” என்றார் மாமா. அதற்கடுத்த முறை வலை நிறைய வஞ்சிரம். “ஏரில ஏதுங்க வஞ்சிரம்? அது கடல் மீனு. மடவை போடுங்க.” அதற்கும் அடுத்த முறைதான் உச்சம். வீச்சு வலையைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். வலையைத் தண்ணீருக்குள் இழுத்துப்போக வேண்டிய ஈயக்குண்டுகள் மேலே ஆகாயத்தைப் பார்த்து வரிசையாக நின்றன. மாமா பொறுமையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, குண்டு ஏன் கீழே இருக்கவேண்டும் என்று வெகுநேரம் விளக்கினார். அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. திருவிழாவுக்குப் பந்தல்கால் நட்டுவிட்டார்கள்.

“வேற கடைக்குப் போலாம் மாமா. இந்த அக்காவுக்கு இன்னா தெரியுது?”

“கம்முனு வா. போகப் போகக் கத்துக்கும்,” என்று அதட்டினார் மாமா. என்னை அவர் அதட்டியது அதுதான் முதல் தடவை. பேருந்தில், சிடியில் இல்லாத ஒரு புதுப்பாட்டை முணுமுணுத்தபடியே வந்தார். இப்போதெல்லாம் பொன்னேரிக்கு இஸ்திரி போட்ட சட்டையில்தான் போகிறார் என்பதையும் கவனித்தேன். கடையில் ஏதோ கட்டுப்பாடு போலிருக்கிறது.

கடைசியில், தானே நேரில் வந்து படம் எடுப்பதாக அக்கா சொல்லி, கேமராவோடு வந்தும் விட்டாள். படகில் நாங்கள் மூன்று பேர். மாமா எழுந்து நின்று வலையை வீசினார். நனைந்த லுங்கியைப் போட்டதுபோல் அது சுருண்டு விழுந்தது. மறுபடி வீசினார். அதே லுங்கி. ஏரியிலேயே நல்ல வீச்சுக்காரர் எங்கள் மாமா. எனக்கு அவமானமாக இருந்தது.

“குடுங்க,” என்றாள் அக்கா. கேமராவை மாமா கையில் திணித்துவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். வலையை முழங்கையில் மடித்துப் போட்டு, ஒரு குண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி விட்டாள் பாருங்கள், வலை ஆகாயத்தில் வட்டமாக விரிந்தது. படகு ஆடவே இல்லை.

“அமுக்குங்க!” என்று கத்தினாள். மாமா எப்படியோ கேமரா பொத்தானை அமுக்கிவிட்டார்.

“எங்க நைனா வலை வுடுவாரு, கூடவே இருந்து பாத்திருக்கேன். எங்க வூடு சுண்ணாம்புக்குளம்,” என்று சொல்லி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுண்ணாம்புக்குளமும் இதே ஏரிக்கரைதான். மாமா வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

அட்டையில் அந்த வலை மட்டும்தான் வந்தது. ஆளும் இல்லை, படகும் இல்லை. திருவிழா அன்று பந்தலில் தொங்கவிட்டதும் ஊரே கூடியது. “இது என் வலைடா,” என்றார் ஒருவர். “உன்னுது எப்ப இப்படி விரிஞ்சிச்சு? என்னுது,” என்றார் இன்னொருவர். ஊர்ப் பெரியவரும் அது தன் வலைதான் என்று சாதித்தார். தன் படகு அட்டையில் இல்லையே என்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை. சாயங்காலத்துக்குள் சிடிப் பெட்டி காலி. கரையெல்லாம் மாமாவின் பாட்டு. அன்றைக்கு எனக்குத் தரையில் கால் படவில்லை.

அதைவிடப் பெருமையான விஷயம் எனக்கு வேறொன்று இருந்தது. “ஒண்ணுமே தெரியாத அக்காவுக்கு மாமா எப்படிக் கத்துக்குடுத்துட்டாரு பாத்தியாம்மா!” என்றேன். இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா, சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தாள். நிறுத்தப் பார்த்து மறுபடி சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரம்.

தை மாதம் அந்த அக்கா மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு எங்கள் தீவுக்கே வந்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தவளிடம் போய், அக்கறையோடு காதில் கேட்டேன்:

“குண்டு கீழதான் இருக்கணும். மறக்க மாட்டீங்கல்ல?”

அவள் மாமாவை ஒரு பார்வை பார்த்தாள்.

“எப்படிடி மறப்பேன்? உங்க மாமா அவ்ளோ நல்லா சொல்லிக்குடுத்தாரு.”

எனக்கு நிம்மதியாக இருந்தது.